குஞ்சின் குடலில் யார் குடியிருப்பது?

‘கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாது’ என்பர் நம் முன்னோர். மிதிப்பதற்குக்கூடத் தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

பிராய்லர் முட்டைகள் பொரிப்பகத்தில் 21 நாள் இயந்திரச் சூட்டில் இருந்து குஞ்சாகின்றன. அங்கிருந்து பெட்டியில் ஏறிப் பண்ணைக்கு வரும் குஞ்சு தாயின் இறக்கைச் சூட்டை அறியாது. அதற்குக் கிடைக்காத இன்னொன்றும் உண்டு. வீட்டுக் கொல்லையில் நாட்டுக்கோழிக் குஞ்சு தாயின் பின்னே சென்று, அதன் எச்சம் கிடக்கும் மண்ணையே கொத்தித் தின்கிறது. கேட்க அருவருப்பாகத் தோன்றும். ஆயினும் அவ்வழியாகத்தான் தாயின் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் குஞ்சின் குடலில் குடியேறுகின்றன.

பொரிப்பகத்துக் குஞ்சின் குடலோ பெரும்பாலும் காலி வீடு. காலி வீட்டில் முதலில் நுழைபவன் நல்லவனாக இருப்பான் என்பது என்ன நிச்சயம்? சால்மோனெல்லா, ஈ.கோலி, கிளாஸ்டிரிடியம் போன்றவை முந்திக்கொண்டால் குஞ்சின் பாடு திண்டாட்டமே. லாக்டோபாசில்லஸ் முந்திக்கொண்டால் அது லாக்டிக் அமிலத்தைச் சுரந்து குடலைப் புளிப்பாக்குகிறது. பேருந்துச் சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதுபோல் குடற்சுவரில் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. தயிரில் வாழும் பாக்டீரியாக்கள் இதன் உறவினர்களே.

இதனைத் தெளிவாகக் காட்டியவர்கள் பின்லாந்து நாட்டினர். 1971இல் அங்கே பிராய்லர் கோழிகளிடையே சால்மோனெல்லா பரவியது. நூர்மி, ரன்டாலா என்னும் அறிஞர்கள், நலமான பெரிய கோழியின் குடலில் இருந்ததை எடுத்துப் பிறந்த குஞ்சுகளுக்குப் புகட்டினர். அக்குஞ்சுகளைச் சால்மோனெல்லா எளிதில் பற்றவில்லை. 1973இல் இதனை வெளியிட்டனர். கொல்லைத் தாய்க்கோழி நெடுங்காலமாகச் செய்து வருவதைத்தானே அவர்களும் செய்தார்கள் என்று எங்களுக்குத் தோன்றியது!

இதற்கு முன்பே, 1940களின் பிற்பகுதியில், தீனியில் சிறிதளவு ஆன்டிபயாட்டிக் கலந்தால் குஞ்சு விரைந்து எடை கூடுவதை அமெரிக்காவில் கண்டறிந்தனர். அப்பழக்கம் உலகெங்கும் பரவியது. நாளும் சிறிது மருந்து உண்டால் கிருமிகள் அம்மருந்துக்குப் பழகிவிடும். பிறகு மனிதருக்கு நோய் வரும்போது அதே மருந்து கைகொடுக்காது. எனவே சுவீடன் 1986இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006இலும் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதைத் தடை செய்தன. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழிகளுக்குக் கொடுக்க 2019இல் இந்தியாவும் தடை விதித்தது. அந்த இடத்தை நிரப்ப வந்தவற்றுள் ஒன்றே புரோபயாட்டிக் என்னும் உயிருள்ள பாக்டீரியாத் தூள்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில், பல்லடம் பக்கம், பிராய்லர் கொட்டகை உள்ளது. குஞ்சும் தீனியும் நிறுவனத்தினுடையவை. வளர்ப்புக் கூலி மட்டுமே இவர்களுக்கு. சென்ற ஆண்டு ஒரு தடவை குஞ்சுகளுக்குக் கழிச்சல் கண்டது. குடலுறிஞ்சிகள் புண்ணானால் தின்ற தீனி செரிக்காமலே வெளியேறும். தரையில் பரப்பிய தேங்காய் நார்க்கழிவு நனைந்து, அம்மோனியா வாடை கண்ணைக் கரித்ததாம். குஞ்சுகள் பல மாண்டன, கூலியும் குறைந்தது. அந்தப் பருவத்தின் விடுதிக் கட்டணத்தை அவள் தந்தை கடன் வாங்கியே கட்டினார்.

அப்போதும் அவர்கள் புரோபயாட்டிக் கொடுத்துத்தான் வந்தனர் என்பதே வேதனை. பிளீச்சிங் பவுடர் கலந்த தொட்டி நீரிலேயே அதையும் கரைத்திருக்கிறார்கள். கிருமியைக் கொல்லும் குளோரினுக்கு நல்லது கெட்டது தெரியுமா? காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாக்கள் குஞ்சின் வாய்க்குப் போகும் முன்பே செத்துவிட்டன. கால்நடை மருத்துவர் வந்து சொன்ன பிறகே இது புரிந்தது. ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் நாளில் கொடுத்தாலும் பெரும்பாலும் இதே கதிதானாம். தீனியைச் சூடாக்கிக் குருணையாக்கும்போது லாக்டோபாசில்லஸ் தாங்காது. விதைபோல் உறங்கும் பாசில்லஸ் சப்டிலிஸ் தாங்கும்.

புரோபயாட்டிக் மருந்தன்று, எல்லாப் பண்ணையிலும் ஒரே பலன் தருவதும் இல்லை. அடுத்த தடவை குளோரின் கலவாத நீரில் கரைத்து முதல் நாளிலிருந்தே கொடுத்தார்கள். நார்க்கழிவையும் அடிக்கடி கிளறிவிட்டார்கள். விடுமுறையில் நாங்கள் சென்றிருந்தபோது, எது பலன் தந்தது என்று கேட்டோம். தோழியின் தந்தை ஒன்றும் சொல்லாமல் தரையிலிருந்து ஒரு பிடி நார்க்கழிவை அள்ளி எங்கள் கையில் கொட்டினார். அது பொலபொலவென்று உதிர்ந்தது.