தண்டவாளமா, தார்ச்சாலையா? கச்சிபௌலி தரும் நிதிப்பாடம்

அரசின் கருவூலம் அளவுக்கு உட்பட்டது. மக்களின் தேவைகளோ அளவற்றவை. ஆகவே, பொதுப்பணத்தைச் சாலைக்குச் செலவிடுவதா, ரயிலுக்குச் செலவிடுவதா என்னும் வினா எழுவது இயல்பே. அவ்வினாவை ஆராய ஏற்ற இடம் ஹைதராபாத்தின் மேற்கிலுள்ள கச்சிபௌலி. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் செறிந்த இப்பகுதியைத் தொட்டுச் செல்கிறது 158 கிலோமீட்டர் நீளமுள்ள எட்டு வழி வெளிவட்டச் சாலை. மெட்ரோ ரயிலோ 2019 நவம்பரில் ராயதுர்கம் வரை வந்து, கச்சிபௌலியை எட்டாமலேயே நின்றுவிட்டது.

வரவு செலவை மட்டும் பார்த்தால் சாலையே வென்றதாகத் தோன்றும். 2023ஆம் ஆண்டு, வெளிவட்டச் சாலையின் சுங்க வசூல் உரிமை 30 ஆண்டுகளுக்குத் தனியாரிடம் அளிக்கப்பட்டு, 7,380 கோடி ரூபாய் பெறப்பட்டது. மறுபுறம், எல் அண்ட் டி நிறுவனத்திடமிருந்து மெட்ரோவை ஏற்க 2025 செப்டம்பரில் தெலங்கானா அரசு இசைந்தபோது, ஏறத்தாழ 13,000 கோடி ரூபாய்க் கடனையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருந்தது. எனவே சாலை வரவு, ரயில் இழப்பு என்று முடிவு கட்டிவிடலாமா?

அதற்கு முன் ஒரு கேள்வி: கட்டுமானக் காலத்தில் வட்டியைச் சுமந்தவர் யார்? வெளிவட்டச் சாலையின் ஒரு பகுதிக்கு அரசே ஆண்டுத் தவணை செலுத்தியது. மற்றொரு பகுதிக்கு ஜப்பானின் ஜைக்கா அமைப்பு கடன் அளித்தது. சாலை முடிந்து வாகனங்கள் பெருகிய பின்னரே 30 ஆண்டுச் சுங்க வசூல் உரிமை தனியாரிடம் சென்றது. மெட்ரோவில் நிலை வேறு. 14,132 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்ட அத்திட்டத்துக்கு மத்திய அரசின் இடைவெளி நிரப்பு நிதி 1,458 கோடி ரூபாய் மட்டுமே. எஞ்சியதில் பெரும்பகுதி வங்கிக் கடன். 2020இல் பெருந்தொற்றால் ரயில்கள் ஐந்து மாதங்களுக்கும் மேலாக நின்றன, வட்டி நிற்கவில்லை. வாடகை வருமுன்னரே தவணை தொடங்கிவிட்ட வீட்டுக்காரரின் நிலை அது.

ரயிலின் பயன் பயணச்சீட்டு வாங்குவோருடன் முடிவதில்லை. நெரிசல் குறைவதால் சாலையில் செல்வோரும், நிலமதிப்பு உயர்வதால் நில உடைமையாளரும் பயனடைகின்றனர். அப்பயன் கட்டண வருவாயில் சேர்வதில்லை. அதேபோல், சாலையின் செலவிலும் ஒரு பங்கு அரசின் கணக்கில் இடம்பெறுவதில்லை. வாகனக் கடன், எரிபொருள், காப்பீடு, பழுதுபார்ப்பு என அது குடும்பங்களின் கணக்கில் ஏறுகிறது.

சென்னை மெட்ரோவை மத்திய, மாநில அரசுகள் கூட்டாக முதலிட்டு, ஜைக்கா கடனுடன் அமைத்தன. ஹைதராபாத்தின் இரண்டாம் கட்டமும் அவ்வழியையே நாடுகிறது. 2024இல் மாநில அரசு ஒப்புதல் அளித்த 24,269 கோடி ரூபாய்த் திட்டத்தில் மாநிலத்தின் பங்கு 30 விழுக்காடு, மத்திய அரசின் பங்கு 18 விழுக்காடு. பன்னாட்டு நிதி அமைப்புகளின் கடன் 48 விழுக்காடு.

எல்லா ஊருக்கும் ரயில் பொருந்தாது. குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும் இடத்தில் நல்ல சாலையும் பேருந்துமே சிக்கனம். கச்சிபௌலி போல் மக்கள் ஒரே நேரத்தில் ஒரே திசையில் திரளும் இடத்தில், தொடக்கச் சுமையை அரசு ஏற்று ரயில் அமைப்பதே தகும். அச்சுமையை ஏற்க அரசு தயங்கினால், அது மறைந்துவிடாது. மாதந்தோறும் நம் வீட்டுச் செலவில் வந்து அமரும்.