ஆணியை முதலில் பொறுக்குங்கள்

முதல் கார் வாங்கியிருக்கும் தம்பி, தங்கச்சிகளுக்கு, திண்டுக்கல்லில் நாற்பது வருஷம் ஸ்பானர் பிடித்தவன் சொல்வது இது. 1911-ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் ஆரம்பித்த டி.வி.எஸ். கம்பெனியைப் பற்றி எங்கள் பக்கத்துப் பழைய டிரைவர்கள் ஒன்று சொல்வார்கள். பஸ் போகும் பாதையில் கிடக்கும் லாட ஆணிகளை எடுக்க, காந்தம் பொருத்திய வண்டியை முன்னால் ஓட்டுவார்களாம். பஞ்சர் ஒட்டுவதைவிட ஆணியைப் பொறுக்குவது மலிவு. கார் பராமரிப்பில் பணம் மிச்சமாகும் வழி முழுக்க அந்த ஒரு வேலையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

1. ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் ஊர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது; வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புத்தான் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படியும். கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள். கெட்டிக் கூலன்ட் என்றால் டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். கலந்தே வருவதில் எதையும் சேர்க்கக் கூடாது. இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே வேண்டாம்.

இது நான் தப்புச் செய்து கற்றது. தொழிலுக்கு வந்த புதிதில், வேடசந்தூர்க்காரர் ஒருவரின் வண்டியில் ரேடியேட்டர் ஹோஸ் லேசாகக் கசிந்திருந்தது. “அடுத்த வாரம் பார்த்துக்கலாம்ணே” என்று கிளிப்பை இறுக்கி, குழாய்த் தண்ணீரை ஊற்றி அனுப்பிவிட்டேன். நான்காம் நாள் நத்தம் ரோட்டில், சித்திரை வெயிலில், குடும்பத்தோடு நின்றுவிட்டார். ஹோஸ் வெடித்து, ஹெட் வளைந்து, கேஸ்கட்டும் போயிருந்தது. ஹோஸ் அன்றைக்கு நூறு ரூபாய்கூட இல்லை. ஹெட் வேலை அவருடைய இரண்டு மாதச் சம்பளம். அதற்குப் பிறகு “அடுத்த வாரம்” என்ற சொல்லை என் பட்டறையில் யாரையும் சொல்லவிட்டதில்லை.

2. ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு கம்பியை எடுத்து, பழைய பனியன் துணியில் துடைத்து, மறுபடி சொருகி எடுங்கள். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு சொட்டை விரலிடையில் தேய்த்தால் வழவழவென்று இருக்க வேண்டும், நறநறத்தால் மாற்றுங்கள். மோர் போல வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டீசல் வண்டியில் ஆயில் சீக்கிரம் கறுப்பது இயல்பு. அதற்குப் பயப்பட வேண்டாம்.

3. காற்றைக் காலையில் பிடியுங்கள். வெயிலில் ஓடிய டயரில் அழுத்தம் ஏறியிருக்கும், அளவு தப்பாகக் காட்டும். எவ்வளவு பிடிப்பது என்று டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருப்பார்கள். காற்று குறைந்தால் டயரின் இரண்டு ஓரமும் தேயும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். காற்று கூடினால் நடுப்பகுதி தேயும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் பாருங்கள். பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அந்த டயரோடு ரோட்டில் இறங்காதீர்கள். பழனியில் புது வண்டிக்குப் பூஜை போடும்போது நான்கு டயருக்கும் குனிந்து எலுமிச்சம்பழம் வைக்கிறோம். மாதம் ஒருமுறை அதே மாதிரி நான்கு டயருக்கும் குனிந்து பாருங்கள். ஸ்டெப்னியை மறக்காதீர்கள்.

4. ஏர் ஃபில்டருக்கு நம் ஊர்ப் புழுதி எமன். ஆடிக் காற்றில் மண் ரோட்டில் போய்வருகிறவர்கள், புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பே கழற்றிப் பார்க்க வேண்டும். பேப்பர் ஃபில்டரைக் கழுவக் கூடாது. காற்றடித்தால் உள்ளிருந்து வெளியே அடியுங்கள். கிழிந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். உள்ளே போகும் மணல் பிஸ்டனைத் தேய்த்துவிடும்.

5. மலைக்குப் போகிறவர்கள் பிரேக்கைப் பார்த்துவிட்டுப் போங்கள். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கிருந்து அடிவாரத்துக் காட்ரோட்டுக்கு இறங்கி வரும் எத்தனையோ வண்டிகளில் லைனிங் கருகும் வாடை அடிக்கும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவிலும் இதே கதைதான். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விடவே கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இந்த ஒன்றில் மிஞ்சுவது பணம் மட்டுமில்லை, உயிரும்தான்.

6. பேட்டரி முனையில் பச்சை பூத்தால் வெந்நீரில் சமையல் சோடா கலந்து துடைத்து, காய்ந்ததும் வாஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ் பக்கம். தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர்தான். வெயில் காலத்தில் அடிக்கடி பாருங்கள்.

7. வண்டி நின்ற இடத்தைப் பாருங்கள். ஏ.சி. போட்ட பிறகு சொட்டும் வெறும் தண்ணீர் சாதாரணம். பச்சையோ சிவப்போ கலந்திருந்தால் கூலன்ட், கறுப்பாகப் பிசுபிசுத்தால் ஆயில். தரை முதலிலேயே சொல்லிவிடும்.

8. வண்டியோடு வந்த புத்தகத்தைப் படியுங்கள். ஜி.டி. நாயுடு பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்துத்தான் இன்ஜினைக் கற்றுக்கொண்டார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ்ஸைத் தானே ஓட்டினார். நீங்கள் எதையும் பிரிக்க வேண்டாம். எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றுவது, டைமிங் பெல்ட் உண்டா, எப்போது மாற்றுவது, இவ்வளவு தெரிந்தால் போதும். பல இன்ஜின்களில் அந்தப் பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வு வளைந்துவிடும்.

9. ஒரே மெக்கானிக்கிடம் போங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டான். எங்கே தேய்ந்திருக்கிறது என்று காட்டுவான்.

10. டேஷ்போர்டில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வையுங்கள். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த பணம், அவ்வளவுதான். அந்த வேடசந்தூர்க்காரர் ஹெட் வேலைக்குப் பிறகு எழுத ஆரம்பித்தார். எட்டு வருஷம் கழித்து அந்த வண்டியை விற்றபோது நான் பக்கத்தில் நின்றேன். வாங்க வந்தவர் பானெட்டைத் திறப்பதற்கு முன் நோட்டைக் கேட்டார். திண்ணையில் உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். சொன்ன விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. “நோட்டையும் சேர்த்துக் குடுத்துருங்கண்ணே” என்றார்.