உங்க வார்டைத் தொட்டால் உங்க வார்டுதான் திறக்கணும்

சேலையூரில் உங்கள் தெருவிளக்கு எரியவில்லை. இணையத்தில் ஒரு வார்டு வரைபடத்தைத் தொடுகிறீர்கள். பக்கத்து வார்டு திறக்கிறது. கவனிக்காமல் புகாரை அனுப்பிவிட்டால்? அது வேறொருவர் மேசைக்குப் போய்விடும்.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் ஒன்றாகின. இப்போது 5 மண்டலம், 70 வார்டு. பழைய வார்டு எண்தான் இன்னும் பலர் நினைவில் இருக்கிறது. எண்ணைக் கேட்பதைவிட, படத்தைக் காட்டித் தொடச் சொல்வது சுலபம். உங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு அப்படி ஒரு படம் நீங்களே செய்யலாம்.

இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் போதும். முதலில் பக்கத்தின் அளவை மில்லிமீட்டரிலிருந்து பிக்சலுக்கு மாற்றி, 800 பிக்சல் அகலம் என்று வையுங்கள். இதை விட்டுவிட்டுப் பிறகு தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள்தான் அதிகம். வார்டு வரைபடத்தை உள்ளே கொண்டுவந்து, பேனா கருவியால் எல்லையைச் சுற்றிக் கிளிக் செய்து மூடுங்கள். எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, நோட்பேடில் திறங்கள். 'பாத்' என்ற வரியில் எண்கள் இருக்கும்: எம் 120,80 எல் 260,95 எல் 245,210 எல் 110,190 இசட். எழுத்துகளை நீக்கினால் 120,80,260,95,245,210,110,190. படத்தின் இடது மேல் மூலையிலிருந்து எண்ணிய புள்ளிகள் இவை. 'ஏரியா' வரியில் வடிவம் 'பாலி' என்று போட்டு, இந்த எண்களை அப்படியே ஒட்டுங்கள்.

ஆனால் எழுத்து பெரியதா சின்னதா என்று பாருங்கள். சின்ன எம் என்றால், முதல் புள்ளிக்குப் பிறகு வருவதெல்லாம் முந்தைய புள்ளியிலிருந்து எவ்வளவு நகரணும் என்ற கணக்கு. 120,80-க்கு அடுத்து 140,15 என்று இருந்தால் உண்மையான இடம் 260,95. கையால் கூட்ட வேண்டாம். விருப்ப அமைப்பில் பாத் எழுதும் முறையை 'அப்சல்யூட்' என்று மாற்றிச் சேமித்தால் போதும்.

ஏரிக்கரை மாதிரி வளைவுகள்தான் வம்பு. வளைவுக்கு 'சி' என்ற எழுத்து வரும். அதில் மூன்று ஜோடி எண்கள். கடைசி ஜோடி மட்டுமே கோட்டின் முனை, மற்ற இரண்டும் வளைவை இழுக்கும் பிடிகள். அவற்றையும் சேர்த்து ஒட்டினால் எல்லை முள்முள்ளாக நீட்டிக்கொள்ளும். வளைவில் கூடுதல் புள்ளிகள் சேர்த்து, பிறகு நேர்கோடுகளாக மாற்றுங்கள். குழுவாகக் கட்டிய வடிவங்களைப் பிரித்துவிடுங்கள், குழுவை நகர்த்திய கணக்கு தனியாக ஒளிந்திருக்கும். படத்தை ஏற்றுமதி செய்யும்போது 'பக்கம்' முழுவதையும் எடுங்கள். வரைந்த பகுதியை மட்டும் எடுத்தால் மூலையே நகர்ந்துவிடும்.

அடுத்து கைபேசி. 800 பிக்சல் படம் 360-ஆகச் சுருங்கும்போது எண்கள் சுருங்காது. நம் வடிவம் கண்ணுக்கு 50 முதல் 117 வரை தெரியும். தொடும் பகுதியோ 110-இல்தான் தொடங்கும். முதலில் சொன்ன தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. எல்லா எண்ணையும் 0.45-ஆல் பெருக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போடலாம். என்னைக் கேட்டால், எஸ்விஜி படத்தையே பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வடிவத்துக்கும் இணைப்பு கொடுப்பேன். படத்தோடு தொடும் பகுதியும் சுருங்கும்.

எந்த முறையானாலும் ஒவ்வொரு வடிவத்துக்கும் மாற்று உரையாக வார்டு எண்ணை எழுதுங்கள். திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்குப் படம் தெரியாது. கடைசியாக, எல்லையில் இருக்கும் ஒரு தெருவின் இரண்டு பக்கத்தையும் உங்கள் கைபேசியிலேயே தொட்டுப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.