சிறுவாடும் களஞ்சியமும்

விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, "சிறுவாடு என்றால் என்ன?" என்று உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சிரித்துவிட்டுத்தான் விடை சொல்வார். வீட்டுச் செலவுக்குத் தந்த பணத்தில் மிச்சம் பிடித்தும், முட்டையும் மோரும் விற்றும், பெண்கள் பிறர் அறியாமல் அரிசிப் பானையிலோ அஞ்சறைப் பெட்டியிலோ சேர்த்து வைக்கும் சிறு தொகைக்குச் சிறுவாடு என்று பெயர். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அந்தப் பணமே முதலில் வெளியே வரும்.

ஆனால் சிறுவாடு ஓரளவுக்குத்தான் உதவும். நாற்று நட்டும் களை பறித்தும் பிழைக்கும் பெண்ணுக்குத் திடீரென ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டால் அவர் எங்கே செல்வார்? வங்கி ஈடு கேட்கும். நிலமும் நகையும் இல்லாதவர், வட்டிக்குக் கொடுப்பவரின் வாசலில்தான் நிற்க வேண்டும். அங்கே 'பத்து வட்டி' என்பார்கள். ஆண்டுக்குப் பத்து ரூபாய் என்று எண்ணிவிடாதீர்கள். நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய் என்பதே அதன் பொருள். ஆயிரம் ரூபாய் வாங்கியவர் ஓராண்டில் 1,200 ரூபாய் வட்டி கட்டியிருப்பார். வாங்கிய ஆயிரமோ அப்படியே நிற்கும்.

இந்த நிலையை மாற்ற முன்வந்த பெண்களுள் ஒருவர் சின்னப்பிள்ளை. மதுரை மாவட்டத்தில் அழகர்மலைப் பக்கத்தில் உள்ள சிற்றூரில் வாழ்ந்த விவசாயக் கூலித் தொழிலாளி அவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும், வயல் வேலைக்குச் செல்லும் பெண்களுக்காக நிலம் உடையவர்களிடம் கூலி பேச வேண்டுமானால் அவரே முன்னே நிற்பார். அவ்வட்டாரத்தில் 'களஞ்சியம்' என்னும் பெயரில் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் தோன்றியபோது, அவர் அவற்றில் இணைந்து, ஊர் ஊராகச் சென்று பிற பெண்களையும் சேர்த்தார். களஞ்சியம் என்றால் நெல்லைச் சேமித்து வைக்கும் இடம். பானையில் ஒளிந்திருந்த சிறுவாடு பலர் அறியப் பொதுவில் சேர்ந்ததால், அந்தப் பெயர் நன்றாகவே பொருந்துகிறது.

இத்தகைய குழு எவ்வாறு நடக்கிறது? இருபது பெண்கள் மாதம் இருபது ரூபாய் சேமிப்பதாகக் கொள்வோம். மாதத்திற்கு 400 ரூபாய். ஓராண்டில் 4,800 ரூபாய். இப்பணத்திலிருந்து உறுப்பினர்களுக்கே கடன் தருகிறார்கள். வட்டி, நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் ரூபாய் வாங்கியவர் முதல் மாதம் கட்டும் வட்டி இருபது ரூபாய். அசல் குறையக் குறைய அதுவும் குறையும். அந்த இருபது ரூபாய் எந்தத் தனிமனிதர் கைக்கும் போவதில்லை. மீண்டும் குழுவின் பொதுப்பணத்திலேயே சேர்கிறது. வட்டி கட்டுகிற பெண்ணும் அந்தப் பணத்துக்கு உரிமையாளருள் ஒருவர் அல்லவா!

கூட்டத்தில் பெண்கள் பாயில் வட்டமாக அமர்கிறார்கள். பணம் எல்லாருக்கும் முன்னே எண்ணப்படுகிறது. கணக்கேடு உரக்கப் படிக்கப்படுகிறது. ஒரே மாதத்தில் ஒருவருக்கு மகளின் படிப்புக்குப் பணம் வேண்டும்; இன்னொருவருக்கு ஆடு வாங்க வேண்டும்; மற்றொருவரின் கூரை ஒழுகுகிறது. இருப்பதோ ஒருவருக்கு மட்டுமே போதும். யாருக்கு முதலில் தருவது? பேசிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்காத பெண்கள் இங்கே பேசப் பழகுகிறார்கள். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்திடக் கற்கிறார்கள். கிடைக்கும் கடனைக் காட்டிலும் இந்தப் பழக்கமே பெரிது என்று சொல்லத் தோன்றுகிறது.

வங்கிகளும் மெல்ல மெல்ல இதனைக் கவனித்தன. 1992இல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. நிலப்பத்திரம் இல்லாவிட்டாலும், தவறாமல் சேமித்ததையும் கடனைத் திருப்பியதையும் காட்டும் கணக்கேடு குழுவிடம் இருந்தது. வங்கி அதனை நம்பியது. பின்னர் இத்திட்டம் நாடு முழுவதும் பரவியது.

2001 சனவரியில் தில்லியில் சின்னப்பிள்ளைக்கு 'ஸ்திரீ சக்தி' விருது வழங்கப்பட்டது. விருதை வழங்கிய பிரதமர் வாஜ்பாய், குனிந்து அவருடைய பாதங்களைத் தொட்டு வணங்கினார். 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது.

இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. ஆந்திரப் பிரதேசத்தில் தனியார் நிறுவனங்கள் பல, பெண்களுக்குப் போட்டி போட்டுக்கொண்டு கடன் கொடுத்தன. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கியவர்கள் மீளமுடியாமல் தவித்தனர். வாரந்தோறும் தவணை கேட்டு ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒருவர் கட்டத் தவறினால், உடன் இருக்கும் பெண்களே அவரை நெருக்க வேண்டியதாயிற்று. சில குடும்பங்கள் உயிரிழப்பையும் சந்தித்தன. 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து இந்த வசூல் முறையைக் கட்டுப்படுத்தியது.

அங்கும் பெண்கள் குழுவாகத்தான் இருந்தார்கள். அங்கும் சிறு கடன்தான். ஆனால் பணம் அவர்களுடையது அன்று. "இந்த மாதம் என்னால் கட்ட இயலவில்லை, அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்று தன் குழுவின் பாயில் அமர்ந்து ஒரு பெண் சொல்லலாம். குழு அதனைக் கேட்டு முடிவு செய்யும். வாசலில் வந்து நிற்கும் வசூல்காரரிடம் அவ்வாறு சொல்ல இயலாது.

அருஞ்சொற்பொருள்
ஈடு – கடனுக்குப் பிணையாக வைக்கும் பொருள்
அசல் – வட்டி நீங்கலாகக் கடனாகப் பெற்ற தொகை
கைநாட்டு – பெருவிரல் ரேகைப் பதிவு

பயிற்சி
1. சிறுவாட்டுக்கும் குழுச் சேமிப்புக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 'பத்து வட்டி'க்கு 500 ரூபாய் வாங்கியவர் ஆறு மாதத்தில் எவ்வளவு வட்டி கட்டுவார்?
3. ஆடு, படிப்பு, கூரை ஆகிய மூன்றனுள் நீங்கள் எதற்கு முதலில் கடன் தருவீர்கள்? காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.
4. உங்கள் அம்மாவோ பாட்டியோ சிறுவாடு சேர்த்த செய்தியைக் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வருக.