வலி மாத்திரையா? கொஞ்சம் பொறுங்க!

சோழவந்தான் பஸ் ஸ்டாண்ட். வெற்றிலைக் கட்டுகளோடு மதுரைக்குக் கிளம்பும் கூட்டத்தில், மகளோடு ஓர் அம்மா நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சினைப்பையில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, நாளைக்குக் கீமோ. கைப்பையில் இரண்டு மாத்திரை அட்டைகள். ஒன்று டாக்டர் எழுதியது. இன்னொன்று மூட்டுவலிக்காக மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது.

"ரெண்டும் வீக்கத்துக்குத்தானே, எதைப் போட்டா என்ன?" என்கிறார் அம்மா.

நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா? அப்படியானால் இதைப் படியுங்கள்.

முதல் அட்டை: விடக்கூடாதது

இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுப்பது கார்போபிளாட்டின், பேக்ளிடாக்ஸெல் என்ற ஜோடி மருந்து. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் ஆறு தடவை ஏற்றுவார்கள்.

பேக்ளிடாக்ஸெல் முதலில் கிடைத்தது ஒரு மரப்பட்டையில் இருந்து. அதன் அமைப்பை 1971-ல் உலகுக்குச் சொன்ன விஞ்ஞானிகளில் ஒருவர் நம் நாட்டில் பிறந்த மன்சுக் வாணி! ஆனால் இது தண்ணீரில் கரையாத மருந்து. ஆமணக்கெண்ணெயிலிருந்து தயாரித்த ஒரு திரவத்தில் கரைத்துத்தான் பெரும்பாலும் ஏற்றுகிறார்கள். சிலருக்கு அது ஒத்துக்காது. ஏற ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே முகம் சிவக்கும், மூச்சுத் திணறும், ரத்த அழுத்தம் இறங்கும்.

அதைத் தடுக்கத்தான் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. சிலருக்கு முந்தின ராத்திரியிலிருந்தே மாத்திரை, சிலருக்கு அன்றைக்கு ஊசி. மாத்திரை போட மறந்துவிட்டால் மறைக்காமல் நர்ஸிடம் சொல்லுங்கள். சர்க்கரை ஏறும், தூக்கம் கெடும். நீரிழிவு இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்வது அவசியம்.

இரண்டாம் அட்டை: கேட்காமல் தொடக்கூடாதது

டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் இதெல்லாம் சாதாரணமாகக் கிடைக்கும் வலி மாத்திரைகள். ஆனால் கீமோ சமயத்தில் ரத்தத் தட்டணுக்கள் குறையும். இந்த மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தக் கசிவைக் கொண்டு வரலாம். சிறுநீரகத்துக்கும் பாரம். சிஸ்பிளாட்டின் ஏற்றுகிறவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இவை காய்ச்சலை மறைத்துவிடும்! வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது காய்ச்சல்தான் கிருமி நுழைந்ததற்கு முதல் எச்சரிக்கை. அந்த மணியைக் கட்டிப் போட்டால் உயிருக்கே ஆபத்து. பாராசிட்டமால் போடுவதானாலும் முதலில் தெர்மாமீட்டர் வையுங்கள்.

அழற்சியைக் குறைத்தால் புற்று குறையுமா?

நியாயமான கேள்விதான். வெளிநாட்டில் செலிகாக்சிப் மாத்திரையைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை. "இதுவே போதும், கீமோ வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

* சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். நாட்டு மருந்தையும் சேர்த்துத்தான்!

* 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "காலையில பார்த்துக்கலாம்" வேண்டாம்.

* வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. டாக்டரிடம் சொன்னால், உங்களுக்குப் பொருத்தமான மருந்தைத் தருவார்.

அந்த அம்மாவின் மகள் நீங்களானால், பஸ் ஏறும் முன்பே அந்த இரண்டாம் அட்டையைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.