ரேஸ் காரின் ஆயிலும் அப்பாவின் அம்பாசடரும்

அன்புள்ள வாசகருக்கு,

அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயக் கார்களுக்கு எந்த ஆயில் ஊற்றுகிறார்கள், அதையே உங்கள் அப்பா 1970களில் வாங்கிய அம்பாசடருக்கு ஊற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் கேள்விக்குள்ளேயே இரண்டாவதன் விடை இருப்பதால் நாஸ்காரிலிருந்தே தொடங்குகிறேன்.

நாஸ்கார் கப் கார்களில் இருப்பது 358 கன அங்குல வி8 இன்ஜின். நம் கணக்கில் 5.9 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. வால்வுகளை இயக்குவது பழைய புஷ்ராடு முறைதான். அதை வைத்துக்கொண்டே நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் ஓட்டினார்கள். 2014 வரை ஃப்ளாட் டேப்பட்தான் விதி. வால்வைத் திறக்கும் கேமின் மேடு டேப்பட்டின் அடிப்பரப்பை உரசிக்கொண்டே போகும். நடுவில் ரோலர் கிடையாது. அந்த வேகத்தில் வால்வு ஒழுங்காக மூட வேண்டுமானால் ஸ்பிரிங் மிகவும் விறைப்பாக இருக்க வேண்டும். அந்த விறைப்பின் சுமை முழுவதும் மெல்லிய கோடு போன்ற ஓரிடத்தில் விழுகிறது. அங்கே ஆயில் படலம் அறுந்தால் இரும்பும் இரும்பும் உரசிக் கேம் வழுவழுவென்று தேய்ந்துவிடும்.

அந்த இடத்தைக் காப்பாற்றுவது ஆயிலில் கலந்திருக்கும் ஜிங்க், பாஸ்பரஸ் சேர்மம். சூட்டிலும் அழுத்தத்திலும் அது உலோகத்தின் மேல் ஒரு படலமாகப் படிந்து, உலோகத்துக்குப் பதில் தான் தேய்கிறது. ஆனால் பாஸ்பரஸ் புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதனால் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் (ஏபிஐ) 2004இல் கொண்டுவந்த எஸ்எம் தரம், 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் அடக்கியது. கன்வெர்ட்டர் இல்லாத பந்தயக் காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஜோ கிப்ஸ் ரேசிங் அணி தன் இன்ஜின்களுக்கென்றே ஆயில் உருவாக்கியது. பின்னாளில் அது டிரிவன் என்ற பெயரில் கடைகளுக்கும் வந்தது. 2015இல் நாஸ்கார் ரோலர் டேப்பட்டை அனுமதித்த பிறகு கேமின் மீதான இந்த நெருக்கடி பெரிதும் தணிந்தது.

அடுத்தது பாகுத்தன்மை. கெட்டியான ஆயிலைப் பம்ப் செய்யவே இன்ஜினின் சக்தியில் ஒரு பங்கு போய்விடும். அதனால் தகுதிச் சுற்றுக்கென்றே, தண்ணீரைப் போல ஓடும் 0டபிள்யூ-5 போன்ற ஆயில்கள் உண்டு. அதை ஊற்றத் துணிவு வருவதற்குக் காரணம் அதைச் சுற்றியுள்ள ஏற்பாடுகள். பேரிங் இடைவெளியை அந்த ஆயிலுக்கென்றே அளந்து வைக்கிறார்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயிலைச் சூடாக்குகிறார்கள். ஓவல் தடத்தில் இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருந்தால் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும் என்பதால், டிரை சம்ப் முறையில் பல பம்புகள் அதை உறிஞ்சித் தனித் தொட்டிக்கு அனுப்புகின்றன.

2008 காலத்துக் கார்களில் அந்தத் தொட்டி ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் இருந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் லாஸ் வேகஸ் பந்தயத்தில் வென்ற கார்ல் எட்வர்ட்ஸின் காரில், அந்தத் தொட்டிப் பெட்டியின் மூடி கழன்றிருந்தது. அவருக்கு 100 புள்ளிகள் பறிபோயின. குழுத் தலைவர் பாப் ஆஸ்போர்னுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதமும் ஆறு பந்தயத் தடையும் விதித்தார்கள். மூடி இல்லாவிட்டால் காற்றோட்டம் மாறிக் கார் தரையோடு நன்றாக அழுந்தும் என்பது மற்ற அணிகளின் புகார். கொதிக்கும் ஆயிலிலிருந்து ஓட்டுநரைக் காப்பதும் அதே மூடிதான் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இப்போது உங்கள் கார். அதிலிருக்கும் பிரிட்டிஷ் வம்சாவளி இன்ஜினிலும் புஷ்ராடும் ஃப்ளாட் டேப்பட்டும்தான். அந்த மட்டில் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் உங்கள் வால்வு ஸ்பிரிங் மென்மையானது, வேகமும் குறைவு. பந்தய ஆயில் 500 மைல் உழைத்தால் போதும். ஓட்டம் முடிந்ததும் வடித்துவிடுவார்கள். அதனால் அழுக்கைக் கரைத்துத் தாங்கும் டிடர்ஜென்ட்டை அதில் குறைத்தே சேர்ப்பார்கள். நீங்களோ கடைத்தெருவுக்கும் கோவிலுக்கும் ஓட்டிவிட்டுப் பல மாதம் அதே ஆயிலோடு நிறுத்தி வைக்கிறீர்கள். கரியும் ஈரமும் சேரும் அந்த இன்ஜினுக்கு டிடர்ஜென்ட் மிக அவசியம். பழைய, அகன்ற இடைவெளிகளில் மெல்லிய ஆயில் அழுத்தத்தையும் தாங்காது.

நல்ல 20டபிள்யூ-50 ஆயில் போதும். நான் சொன்ன பாஸ்பரஸ் வரம்பு இந்தக் கெட்டி ரகத்துக்குப் பொருந்தாது என்பதால் டேப்பட்டுக்கு வேண்டிய ஜிங்க்கும் அதில் கிடைக்கும். கார் அதிகம் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். டப்பாவின் முன்பக்கத்தில் ‘ரேசிங்’ என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாகுத்தன்மையையும் ஏபிஐ தரத்தையும் பாருங்கள். நாஸ்கார் பொறியாளர்களும் தங்கள் இன்ஜினுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத்தான் ஆயிலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்