கேபிளை விடுங்கள், ஃபேனை நிறுத்துங்கள்

அன்புள்ள மேலகரத்து அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகு பாட்டு கேட்பதற்கென்றே வீட்டில் ஓர் அறையை ஒதுக்கியிருக்கிறீர்கள். மகன் விட்டுப்போன பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. பாடகர் கிட்டப்பா, நாதஸ்வரக்காரர் காருகுறிச்சி, இளையராஜா மூவரையும் அதில் நல்ல தரத்தில் கேட்க வேண்டும் என்பது ஆசை. கடைக்காரரோ புது மதர்போர்டு, ‘ஆடியோ கிரேடு’ எஸ்எஸ்டி, எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி கேபிள் என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார். வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வி உள்ள வேறு பலரும் இருப்பார்கள் என்பதால் எல்லோரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன்.

வாங்க வேண்டாம். பட்டியலைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

கம்ப்யூட்டருக்குள் பாட்டு என்பது வெறும் எண்கள்தான். 1982-இல் சிடி சந்தைக்கு வந்தபோது இருந்த கணக்கு இன்னும் மாறவில்லை: விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் இரண்டுக்கும் தனித்தனியாக. மொத்தம் விநாடிக்கு 14 லட்சம் பிட் சொச்சம். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கம்ப்யூட்டருக்கும் இது தூங்கிக்கொண்டே செய்கிற வேலை. எண்ணை அது ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். யூஎஸ்பி கேபிளிலும் அப்படித்தான். எண் போய்ச் சேரும், அல்லது சேராது. சேராவிட்டால் ‘டிக்’ என்று ஒரு வெட்டு விழும், அல்லது பாட்டு அறுந்து அறுந்து வரும். குரல் மங்கியது, வயலினில் மினுமினுப்புக் குறைந்தது என்பதெல்லாம் கேபிளால் வருகிற கோளாறு அல்ல. பிரிண்டருக்கு வாங்கிய கேபிள் வீட்டில் கிடந்தால் அதையே மாட்டுங்கள். டிக் டிக் என்று வெட்டு விழுந்தால்கூட முதலில் பாட்டு ஓடும் மென்பொருளில் பஃபரைக் கூட்டிப் பாருங்கள், வைஃபையை அணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

கம்ப்யூட்டர் கெடுக்கும் இடங்கள் வேறு. விண்டோஸில் ஒலி அமைப்புக்குள் போனால் ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் சினிமா வசனம் எடுப்பாகக் கேட்க வேண்டுமென்று தயாரிப்பாளர்கள் வைத்த அலங்காரங்கள் அவை. அடித்தொனியை ஊதிவிடும், மெல்லிய ஒலியை இழுத்து முன்னே கொண்டுவரும், இல்லாத மண்டபத்து எதிரொலியைச் சேர்க்கும். அத்தனையையும் அணையுங்கள். இந்த ஒரு மாற்றம் அந்த எட்டாயிரம் ரூபாய் கேபிளைவிடக் காதுக்குத் தெரியும். அடுத்து, விண்டோஸ் வழக்கமாக எல்லா ஒலியையும் கலந்து, ஒரே வேகத்துக்கு மாற்றி அனுப்பும். பெரும்பாலும் அது 48,000. சிடிப் பாட்டு 44,100. இந்த மாற்றத்தைப் பற்றி இணையத்தில் பெரிய சண்டையே நடக்கிறது. இன்றைய விண்டோஸில் அதனால் காதுக்குத் தெரிகிற நஷ்டம் ஏதும் இருப்பதாக எனக்குப் படவில்லை. ஆனால் நல்ல தோடி ஆலாபனை நடுவே மின்னஞ்சல் வந்த மணி ‘டிங்’ என்று அடித்தால் தெரியும். ஃபூபார் 2000 என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதில் வெளியீட்டுச் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்று இருப்பதை எடுங்கள். பாட்டு ஓடும்வரை வேறெந்தச் சத்தமும் உள்ளே நுழையாது, வேக மாற்றமும் நடக்காது. இரண்டு சண்டையும் தீர்ந்தது.

பழைய டெஸ்க்டாப்பில் இன்னொரு தொல்லை உண்டு. ஆம்ப்ளிஃபயரைக் கூட்டி வைத்து, பாட்டை நிறுத்திவிட்டு, மவுஸை மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஸ்பீக்கரில் ‘கிர்ர்’ என்று மெல்லிய சத்தம் மவுஸோடு சேர்ந்து ஓடினால், மதர்போர்டின் இரைச்சல் ஒலி வழியில் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். எண்ணை ஒலியாக மாற்றும் வேலையைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்துவிட வேண்டியதுதான். அதற்குத்தான் யூஎஸ்பி டிஏசி என்ற சின்னப் பெட்டி. ஆயிரம் இரண்டாயிரத்திலேயே நல்லது கிடைக்கிறது. கம்ப்யூட்டர் வகையில் நீங்கள் கட்டாயம் புதிதாக வாங்க வேண்டியது இது ஒன்றுதான்.

‘ம்ம்ம்’ என்று அடிவயிற்று முனகல் கேட்டால் அது வேறு வியாதி. கம்ப்யூட்டரும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு சுவரில் உள்ள பிளக்குகளில் இருந்தால், இரண்டு எர்த்துக்கும் நடுவே சின்ன மின்னோட்டம் ஓடி, 50 ஹெர்ட்ஸ் ஸ்பீக்கருக்கு வந்துவிடும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுங்கள். முனகல் போக வேண்டுமென்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் புத்திசாலிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து. எர்த் குழி சித்திரை வெயிலில் காய்ந்து கிடந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது மட்டும் இரைச்சல் வருகிறதென்றால் உங்களுடையது ஸ்கொயர் வேவ் ரகம். அந்த நேரத்தில் ரேடியோவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கடைக்காரர் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகள் வாங்கினால்தான் ‘உண்மையான தரம்’ என்று உங்களிடம் சொன்னாராமே. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 பிட் சிடியில் மிக மெல்லியதற்கும் மிகப் பெரியதற்கும் உள்ள இடைவெளி சுமார் 96 டெசிபல். ஒரு பிட்டுக்கு 6 டெசிபல். முழு வேகத்தில் சுற்றும் சீலிங் ஃபேன் அறையில் எழுப்பும் சத்தம் சுமார் 50 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்கும் பாட்டின் உச்சம் 90. மிச்சம் 40. அதாவது கிட்டத்தட்ட 7 பிட். இரைச்சலுக்கு அடியில் கிடப்பதையும் காது கொஞ்சம் பொறுக்கி எடுக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் சிடி தருகிற 16-இலேயே பாதிக்கு மேல் ஃபேன் காற்றில் போகிறவர், 24-க்குக் காசு கொடுப்பதில் என்ன நியாயம்?

ஃபேன் சத்தத்தில் முதலில் போவது தம்புராதான். பாடகர் மூச்சு எடுக்கும் இடைவெளியில் ஜீவா நூலால் அது ரீங்கரிக்கிறதே, அந்த ஒலி ஃபேன் போட்ட அறையில் இல்லவே இல்லை. ஃபேனை நிறுத்தி ஒரு நிமிஷம் காதைப் பழக்கிவிட்டு, அதே பாட்டை அதே வால்யூமில் கேளுங்கள். புதுக் கருவி ஒன்று சேர்ந்துகொண்டதுபோல இருக்கும்.

இந்த விஷயத்தில் சென்னைக்காரன் உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று இறங்கி, குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது மேலகரத்தில் ஃபேன் எதற்கு? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உங்களுக்கு ஆடியோ சீசனும் அதுதான். ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் குளிக்க வரும் சொந்தக்காரர்கள் வீட்டை நிறைத்துவிடுவார்கள் என்பது தெரியும். அவர்களை அருவிக்கு அனுப்பிவிட்டுக் கேளுங்கள். சாரலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஈரத்தில் சிடி மேல் பூஞ்சை படரும், பழைய ஸ்பீக்கரின் ஓரத்து ஃபோம் பொடிப்பொடியாக உதிரும். சிடிகளைச் சீக்கிரம் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கம்ப்யூட்டருக்குள்ளும் ஃபேன் சுற்றுகிறதே என்பீர்கள். தூசி தட்டுங்கள். கரகரக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சாதாரண எஸ்எஸ்டி போடுங்கள். சத்தம் குறையும், அவ்வளவுதான், பாட்டு மாறாது. இன்னும் நல்லது, பெட்டியையே பக்கத்து அறையில் வைத்துவிடுவது. யூஎஸ்பி கேபிள் 5 மீட்டர் வரை தாராளமாக வேலை செய்யும். சுவரில் ஒரு துளை போடும் கூலி, பட்டியலில் உள்ள எதைவிடவும் மலிவு.

அறை பத்துக்குப் பன்னிரண்டு, ரெட் ஆக்ஸைடு தரை, வெறும் சுவர் என்று எழுதியிருந்தீர்கள். நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். ‘டிரிங்’ என்று உலோகச் சத்தம்போல வால் நீண்டால், பாடுகிறவர் சொல்லும் ஒவ்வொரு எழுத்தின் மேலும் அந்த வால் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. பத்தமடைப் பாய் விரித்தால் பார்க்க அழகு, ஒலியை அது உறிஞ்சாது. கனமான ஜமக்காளம், திரைச்சீலை, புத்தகம் நிறைந்த திறந்த அலமாரி இவை உதவும். ஸ்பீக்கருக்குப் பின்னால் மூலைகளில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினால் இன்னும் நல்லது. வீட்டில் உள்ளவர்கள் என்ன சொல்வார்கள் என்பது உங்கள் பொறுப்பு. பன்னிரண்டடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் வாக்கில் அறை தானாகவே அதிரும். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டாரின் கீழ்த்தந்தியில் ஓரிரு ஸ்வரம் மட்டும் பொம்மென்று வீங்குவது அதனால்தான். நாற்காலியைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் அந்த வீக்கம் இரட்டிக்கும். அறையின் சரிநடுவில் போட்டால் அதே ஸ்வரம் காணாமல் போகும். இரண்டுக்கும் இடையில் போடுங்கள். ஸ்பீக்கர் இரண்டும் நீங்களும் சமபக்க முக்கோணமாக, கீச்சுக்குரல் வரும் சின்னக் கூம்பு காது உயரத்தில் இருக்கட்டும்.

கம்ப்யூட்டர் உண்மையில் சம்பாதித்துக் கொடுப்பது இந்த இடத்தில்தான். ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும் ஓர் அளவீட்டு மைக்கும் இருந்தால் அறை எங்கே வீங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடும். வீங்கிய இடத்தை மட்டும் ஃபூபாரின் ஈக்வலைசரில் இறக்குங்கள். பள்ளத்தைத் தூக்கி நிரப்பப் போகாதீர்கள், ஸ்பீக்கர்தான் திணறும். பழைய டேப் ரெக்கார்டருக்கும் சிடி பிளேயருக்கும் கனவில்கூட முடியாத வேலை இது. மத்தளம்பாறை சோஹோ மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பையன் எவனாவது பக்கத்துத் தெருவில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கிட்டப்பா. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே 1906-இல் பிறந்தவர் 1933-இல் போய்விட்டார். 27 வயது. அந்தக் குரல் நமக்கு மிஞ்சியது பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம் ஓடும் 78 வேகத் தட்டுகளில்தான். அந்தக் காலத் தட்டில் சுமார் 5, 6 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் பதிவாகவில்லை. 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பாக்கினாலும் இல்லாதது வராது, தட்டின் கீறல்தான் துல்லியமாக வரும். ஆனால் இரண்டு காரியம் செய்யலாம். உங்களிடம் உள்ள கோப்பு இடம் வலம் இரண்டிலும் வேறு வேறு கீறல் சத்தத்தோடு இருந்தால், ஃபூபாரில் மோனோவாக மாற்றும் வசதியைப் போடுங்கள். குரல் இரண்டிலும் ஒன்றே என்பதால் அப்படியே நிற்கும், பொரியும் சத்தத்தில் கணிசமான பங்கு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ‘நாய்ஸ் ரிமூவல்’ மட்டும் வேண்டாம். கீறலோடு சேர்த்து மூச்சையும் துடைத்துவிடும்.

இரண்டாவது, சுருதி. 78 என்று பெயரே தவிர, அந்தக் காலப் பதிவுகள் எல்லாம் சரியாக 78-இல் சுழன்றவை அல்ல. நிமிஷத்துக்கு நாலைந்து சுற்று தப்பினால் கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறும் அல்லது இறங்கும். குரல் குழந்தைத்தனமாகவோ தொண்டை கட்டியதுபோலவோ மாறும். கிட்டப்பா தட்டில் பின்னால் ஆர்மோனியம் கேட்கிறதா என்று பாருங்கள். அதன் கட்டை நகராது. உங்கள் வீட்டு ஆர்மோனியத்தில் அதே ஸ்வரத்தைத் தொட்டு, பாட்டில் வருவது இரண்டு கட்டைக்கும் நடுவில் தொங்கினால் வேகம் தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்து ஆர்மோனியங்கள் எல்லாம் ஒரே அளவில் கூட்டப்பட்டவை அல்ல என்பதால் இது முழுச் சாட்சி ஆகாது. ஆனாலும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரண்டு மூன்று சதவீதம் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, எதில் குரல் மனுஷக் குரலாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் தனியே சேமியுங்கள்.

காருகுறிச்சி அருணாசலத்தை எங்கு கேட்டாலும், 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படம் உட்பட, நாதஸ்வரம் காதைக் கிழித்தால் குற்றம் பதிவில் என்று முடிவு கட்டாதீர்கள். கம்ப்யூட்டரோடு வரும் பிளாஸ்டிக் ஸ்பீக்கர் நாதஸ்வரத்துக்கு எதிரி. பட்டியலுக்கு ஒதுக்கிய பணம் முழுவதையும் ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள் என்பதே என் கட்சி.

இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ (1986) சிடியாகவே வைத்திருக்கிறீர்கள், பாக்கியவான். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் கொண்டு ஃபிளாக் வடிவில் எடுங்கள். எண் ஒன்றும் இழக்காமல் அளவு பாதியளவுக்குச் சுருங்கும். ஒரு டெராபைட்டில் இரண்டாயிரம் சிடிக்கு மேல் அடங்கும். எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றித் தருகிறவர்களிடம் ஏமாறாதீர்கள். ஸ்பெக் என்ற குட்டி மென்பொருளில் திறந்தால் பல நேரம் 16,000 ஹெர்ட்ஸில் கத்தி வைத்து வெட்டியதுபோல நிற்கும். சாயம் வெளுத்துவிடும்.

ஆம்ப்ளிஃபயர் எது, ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று நீங்கள் எழுதவில்லை. பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஒரு கார்டு போடுங்கள். அதற்குள் எதையும் வாங்கிவிட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்